சிருஷ்டி: படைப்பா, ஆக்கமா, தோற்றமா?

உலகத்தை உண்டாக்குவதும் சிருஷ்டி, அப்படி உண்டான உயிரும் பொருளும் சிருஷ்டி. செயலுக்கும் விளைவுக்கும் ஒரே பெயர். சமற்கிருதத்திலிருந்து வந்த சொல். தமிழ் ஒலிக்கு ஏற்பச் சிருட்டி என்று எழுதுவதும் உண்டு. அகராதியைத் திறந்தால் எதிரே 'படைப்பு' என்று இருக்கும். பெரும்பாலான இடங்களுக்கு அது போதும். ஆனால் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், மீனாட்சிபுரம் என்று பாலக்காட்டுக்குக் கிழக்கே எல்லையை ஒட்டிக் கிடக்கும் எங்கள் ஊர்களில் ஒரே தெருவில் கோயிலும் தேவாலயமும் பள்ளிவாசலும் இருக்கின்றன. உலகம் எப்படி வந்தது என்பதற்கு ஒவ்வொன்றும் ஒரு பதில் வைத்திருக்கிறது. அந்தப் பதில்கள் எல்லாவற்றுக்கும் சிருஷ்டி என்று ஒரே சொல்லைப் போடுவது சரியா என்று பார்க்க வேண்டும்.

முதலில் வேர். 'ஸ்ருஜ்' என்பது வினையடி. விடுதல், வெளியே விடுதல், பொழிதல் என்று பொருள். பிள்ளையார் சிலையை ஆற்றில் கரைப்பதை விசர்ஜனம் என்கிறோமே, அதுவும் இதே அடியில் பிறந்தது. காப்பியத்தின் உட்பிரிவுக்குப் பெயரான சருக்கமும் அப்படித்தான். அதன் மூலமான 'ஸர்க' என்பதற்கே உலகத் தோற்றம் என்று ஒரு பொருள் உண்டு. புராணத்துக்குச் சொல்லப்படும் ஐந்து இலக்கணங்களில் முதலாவது அதுதான்.

ஆக, உள்ளே இருந்தது வெளியே வருவதுதான் சிருஷ்டியின் அடிப்படைக் கருத்து. முண்டக உபநிடதம் இதைச் சிலந்தியை வைத்துச் சொல்கிறது: சிலந்தி தன்னுள்ளிருந்து நூலை விட்டுத் திரும்ப உள்ளே இழுத்துக்கொள்வது போல, அழிவற்ற ஒன்றிலிருந்து உலகம் வருகிறது. நூலை விடுவதற்கு அங்கே வரும் வினையும் ஸ்ருஜ் தான். இன்னும் முந்தியது ரிக் வேதத்தின் பத்தாம் மண்டலம், 129ஆவது பாடல். இந்த 'விஸ்ருஷ்டி' எங்கிருந்து வந்தது, யார் அறிவார், தேவர்களே பிறகு வந்தவர்கள்தானே என்று கேட்டுவிட்டு, மேலே இருந்து பார்ப்பவனுக்குத் தெரியுமோ, அவனுக்கும் தெரியாதோ என்று நிறுத்திவிடுகிறது. கேள்வியை மூடாமல் விட்ட அந்தத் துணிவை எத்தனை முறை படித்தாலும் வியக்காமல் இருக்க முடியவில்லை.

இனித் தமிழுக்கு வருவோம். 'படை' என்ற வினைக்குப் பொருள்கள் பல. உண்டாக்குவது ஒன்று. சாமி முன்னால் இலை போட்டுப் பரிமாறுவது இன்னொன்று; படையல் அதிலிருந்து வந்தது. பெற்றிருப்பது மூன்றாவது, புகழ் படைத்தவர், வலிமை படைத்தவர் என்கிறோம். புறநானூறு 188ஆம் பாட்டில் பாண்டியன் அறிவுடை நம்பி "படைப்புப் பல படைத்துப் பலரோடு உண்ணும்" என்று பாடும்போது படைப்பு என்பது செல்வம். பாலக்காட்டுச் சித்தூரில் கும்ப மாதத்தில் நடக்கும் கொங்கன்படைத் திருவிழாவில் வருவது போர்ப்படை. அதை இதோடு சேர்க்க வேண்டாம்.

உலகத்தை உண்டாக்கியவன் என்ற பொருளில் இந்தச் சொல் சங்கப் பாட்டிலேயே இருக்கிறது. புறநானூறு 194, பக்குடுக்கை நன்கணியார் பாடியது. ஒரு வீட்டில் சாவுப்பறை, இன்னொரு வீட்டில் மணமுழவு. ஒருத்தி பூச்சூடி நிற்க, இன்னொருத்தி கண்ணீர் விடுகிறாள். பார்த்த புலவர் சொல்கிறார்: "படைத்தோன் மன்ற, அப் பண்பிலாளன்." பிச்சை எடுத்துத்தான் ஒருவன் வாழ வேண்டுமென்றால் உலகை ஆக்கியவனே அலைந்து கெடட்டும் என்று வள்ளுவரும் 1062ஆம் குறளில் கடிகிறார். அவர் எடுத்த சொல் 'உலகியற்றியான்'. இயற்றுதலும் நல்ல தமிழ்தான், ஆனால் இன்று அது சட்டத்துக்கும் பாட்டுக்கும் என்று சுருங்கிவிட்டது.

அந்தப் 'படைத்தோன்' எங்கே போனான்? தமிழ்ப் பேச்சில் இப்போது அந்த வடிவம் கேட்பதில்லை, படைச்சவன் என்போம். பாலக்காட்டிலும் புதுநகரத்திலும் வீட்டில் தமிழ் பேசும் ராவுத்தர்கள் வாயிலும் அதுதான் வரும். ஆனால் மாப்பிள முஸ்லிம்களின் மலையாளத்தில் இறைவனுக்கு அன்றாடப் பெயரே 'படச்சோன்'. கை நழுவிப் பாத்திரம் விழுந்தாலும் "என்டெ படச்சோனே!" தான், பிள்ளைக்குக் காய்ச்சல் என்றாலும் அதேதான். படைத்த என்பது பேச்சுத் தமிழில் படைச்ச ஆகிறது. அடித்த அடிச்ச ஆவதும் இதே கணக்கு. மலையாளத்தில் ஐகாரமும் குறுகிப் படச்ச என்று நிற்கிறது. நன்கணியார் நொந்து சொன்ன சொல்லை, மலைக்கு மேற்கே உள்ளவர்கள் துணைக்கு அழைக்கும் சொல்லாக வைத்திருக்கிறார்கள். ஏட்டு மலையாளம் 'ஸ்ருஷ்டாவ்' என்று எழுதட்டும். வாய்மொழி பழைய சொல்லை விடவில்லை. எங்கள் பிள்ளைகளுக்குச் சங்கப் பாட்டு தொலைதூரச் சங்கதி போலத் தோன்றக் கூடாது என்று நினைக்கிறவன் நான். பக்கத்து வீட்டில் பேசும் பேச்சில் அது இருக்கிறது என்று காட்ட இதைவிட நல்ல சான்று எனக்குக் கிடைக்கவில்லை.

அரபியில் படைப்பதற்கு 'கலக' என்பது வினை, படைப்பவன் 'காலிக்'. அளந்து வகுத்தல் என்ற கருத்தும் அந்த வேரில் உண்டு. குர்ஆனின் இரண்டாம் அத்தியாயம் 117ஆம் வசனத்தில் இறைவன் ஒன்றை முடிவு செய்தால் 'குன்' என்கிறான், அது ஆகிவிடுகிறது. குன் என்றால் 'ஆகு'. தமிழிலும் ஓரசை வேர்தான் அதற்கு விடை: ஆ.

அந்த வேரில் வந்ததுதான் ஆக்கு. மாணிக்கவாசகர் சிவபுராணத்தில் "அனைத்துலகும் ஆக்குவாய் காப்பாய் அழிப்பாய் அருள்தருவாய்" என்கிறார். கம்பர் இன்னும் நுட்பமாக "உலகம் யாவையும் தாம் உளவாக்கலும்" என்று தொடங்குகிறார். உள ஆக்கல், இருக்கும்படி செய்தல். சோறு ஆக்குவது, அப்புறம் இலையில் படைப்பது: உலகம் உண்டானதைச் சொல்லத் தமிழ் எடுத்துக்கொண்ட இரண்டு வினைகளும் நம் அடுக்களையில் தினமும் புழங்குபவை.

கிறித்தவர்களிடம் இரண்டு மொழிபெயர்ப்புகள் புழங்குகின்றன. சீர்திருத்த சபைகளின் பழைய வேதாகமத்தில் "ஆதியிலே தேவன் வானத்தையும் பூமியையும் சிருஷ்டித்தார்" என்று இருக்கும். 1995இல் வந்த திருவிவிலியத்தில் "தொடக்கத்தில் கடவுள் விண்ணுலகையும் மண்ணுலகையும் படைத்தபொழுது" என்று மாறியது. 2013இல் உருவான சுல்தான்பேட்டை மறைமாவட்டத்தின் தமிழ்ப் பங்குகளில் வாசிக்கப்படுவது இந்த இரண்டாவது. எனக்கு இதுதான் பொருத்தமாகப் படுகிறது. எபிரேய மூலத்தில் உள்ள 'பாரா' என்ற வினை விவிலியத்தில் இந்தப் பொருளில் கடவுளுக்கு மட்டுமே வருவது. ஒன்றுமில்லாமையிலிருந்து கடவுள் உலகைப் படைத்தார் என்று 1215இல் கூடிய நான்காம் இலாத்தரன் சங்கம் என்ற கத்தோலிக்கத் திருச்சபைப் பேரவை வரையறுத்தது. தன்னுள்ளிருந்து வெளியே விடுதல் என்ற வேர்ப்பொருள் கொண்ட சிருஷ்டி, இந்த நம்பிக்கைக்கு நேர் எதிர்ப் பக்கம் இழுக்கிறது. படைத்தலுக்கு அந்தச் சிக்கல் இல்லை. ஆனால் 'புதுச்சிருஷ்டி' போன்ற தொடர்கள் தலைமுறைகளாக ஜெபத்தில் ஊறியவை. அவற்றைச் சொல்கிறவர்களைத் திருத்தப் போக வேண்டியதில்லை.

சைவ சித்தாந்தத்துக்குப் படைப்பு என்ற சொல்லும் முழுதாகப் பொருந்தாது. ஐந்தொழிலில் முதலாவது படைத்தல்தான். ஆனால் 13ஆம் நூற்றாண்டில் மெய்கண்டார் செய்த சிவஞான போதத்தின் முதல் நூற்பா 'தோற்றிய' என்கிறது. இல்லாதது வராது என்பது அவர்கள் கொள்கை. உலகத்துக்கு முதற்காரணம், அதாவது மூலப்பொருள், மாயை; அது என்றும் உள்ளது. சிவன் நிமித்த காரணம், அதாவது செய்பவன். ஒடுங்கியிருந்தது மறுபடி வெளிப்படுகிறது. ஆகவே அங்கே தோற்றம், ஒடுக்கம் என்று எழுதுவதே நேர்மை.

படைப்பவனை முன்னே நிறுத்தாமல் சொல்லும் வழியும் தமிழில் இருக்கிறது. பரிபாடலின் இரண்டாம் பாட்டு திருமாலைப் பாடுவது, கீரந்தையார் செய்தது. வானத்தின் ஊழி, காற்று எழுந்த ஊழி, தீச் சுடர்ந்த ஊழி, மழை பெய்த ஊழி, வெள்ளத்தில் மூழ்கிக் கிடந்து நிலம் மேலே வந்த ஊழி என்று ஒன்றிலிருந்து ஒன்றாக அடுக்குகிறது. தொல்காப்பிய மரபியல் "நிலம் தீ நீர் வளி விசும்போடு ஐந்தும் கலந்த மயக்கம் உலகம்" என்று இரண்டே அடியில் முடித்துவிடும். மயக்கம் என்றால் இங்கே கலப்பு.

எழுதும்போது இப்படி வைத்துக்கொள்ளலாம். பொதுவாகச் செயலுக்குப் படைத்தல், விளைந்ததற்குப் படைப்பு. உயிரைக் குறித்தால் படைப்புயிர். சிருஷ்டிகர்த்தா, சிருஷ்டிகர் இரண்டுக்கும் படைத்தவன், படைத்தவர். படைப்பாளி என்றால் எழுத்தாளரும் கலைஞரும் என்று இப்போது நிலைத்துவிட்டதால் கடவுளுக்கு அதைப் போட வேண்டாம். மலையாளச் செய்திகளைத் தமிழாக்கும்போது 'பிரச்சினை சிருஷ்டிக்கிறார்கள்' என்று அப்படியே எழுதிவிடுகிறார்கள். அதற்கு உண்டாக்குகிறார்கள், கிளப்புகிறார்கள் என்பதே தமிழ். பிள்ளைக்குச் சிருஷ்டி என்று பெயர் வைத்திருந்தால் அது அப்படியே இருக்கட்டும்.