கார் கதவு தொங்கிப் போனால்: குடுமிக் கதவை வைத்து ஒரு கணக்கு

எங்கள் அமுச்சிக்கு (அம்மாவைப் பெற்ற பாட்டி) மூட்டுவலி. பொள்ளாச்சி போய்த் திரும்பி வாசலில் காரை நிறுத்தினால் முதலில் இரண்டு காலையும் வெளியே வைப்பார், அப்புறம் திறந்து கிடக்கும் கதவின் ஓரத்தைப் பிடித்து, உடம்பின் பாரத்தையெல்லாம் அதில் போட்டு எழுந்திருப்பார். பல வருடமாக இப்படித்தான். போன ஆடியில் அந்தக் கதவு மூட மறுத்தது. கடைசியில் கொஞ்சம் தூக்கி அடித்தால்தான் பூட்டு விழும்.

பழைய கார் வைத்திருக்கும் நம்ம ஊர்க்காரர்கள் நிறையப் பேருக்கு இது தெரிந்த தொல்லைதான். ஆனால் காரணம் கேட்டால், "கதவு கனம், அதான் இறங்கிருச்சு" என்பார்கள். கனம் மட்டும் காரணமென்றால் நடுவே முற்றம் வைத்த எங்கள் தொட்டிக்கட்டு வீட்டு வாசக்கதவு எப்போதோ இறங்கியிருக்க வேண்டும். தேக்கில் செய்தது, ஒற்றைப் பலகையே முப்பது கிலோ இருக்கும், என் அப்பாருக்கு அப்பா காலத்தில் மாட்டியது. அதற்குக் கீலே கிடையாது, கதவின் மேலும் கீழும் நீட்டிவிட்ட முளையான குடுமிதான். கீழ்க்குடுமி கல்லில் குடைந்த குழியில் உட்கார்ந்திருக்கும், மேல்குடுமி நிலைச் சட்டத்து ஓட்டைக்குள் நிற்கும். இன்றைக்கும் ஒற்றை விரலால் தள்ளலாம்.

வித்தியாசம் எங்கே என்றால், இரண்டு தாங்குமிடங்களுக்கும் நடுவே இருக்கும் உயரத்தில். எந்தக் கதவும் தன் பாரத்தால் முன்பக்கம் கவிழத்தான் பார்க்கும். கவிழாமல் இருக்க மேல் கீல் கதவை உள்ளே இழுத்துப் பிடிக்க வேண்டும், கீழ்க் கீல் வெளியே தள்ளிப் பிடிக்க வேண்டும். அந்த இழுவை எவ்வளவு என்று கணக்குப் போடுவது சுலபம்: கதவின் எடையை, கீலிலிருந்து கதவின் பாரம் விழும் நடுவிடம் வரை உள்ள தூரத்தால் பெருக்கி, இரண்டு கீலுக்கும் நடுவே உள்ள உயரத்தால் வகுத்தால் போதும். வாசக்கதவுக்கு 30 கிலோ, 22 செ.மீ., 180 செ.மீ. என்று வைத்தால் நாலு கிலோகூட வராது. கார் கதவுக்கு 25 கிலோ, 50 செ.மீ., 35 செ.மீ. போட்டால் கிட்டத்தட்ட 36 கிலோ. எடை குறைவுதான், இழுவை மட்டும் ஒன்பது மடங்குக்கு மேல். காரில் கீல்களைத் தள்ளித் தள்ளி வைக்கவும் இடமில்லை, ஏனென்றால் கீல் மாட்டும் தூண் கண்ணாடி தொடங்கும் இடத்திலிருந்து சாய்ந்து போய்விடுகிறது, அதற்குக் கீழே இருக்கும் ஒன்றரை அடிக்குள்தான் இரண்டையும் அடக்க வேண்டும்.

இதில் அமுச்சி கதவின் ஓரத்தில் 40 கிலோ பாரம் போட்டால், ஒரு மீட்டர் தள்ளிப் போடும் பாரம் அது, கீலுக்கு இன்னும் 114 கிலோ கூடுகிறது. அதோடு ஆடிக்காற்று. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வந்து திறந்த கதவைப் பிடுங்கி அடிக்கிற காற்றைப் பொள்ளாச்சி, உடுமலைப் பக்கத்தவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

கீலுக்குள் அச்சாக ஒரு எஃகுப் பின், அதைச் சுற்றி அதைவிட மென்மையான உலோகத்தில் குழல் மாதிரி ஒரு புஷ். தேய்வது புஷ்ஷாக இருக்கட்டும், பின் தப்பட்டும் என்றுதான் அப்படி அமைக்கிறார்கள். பாரம் எப்போதும் ஒரே பக்கம் என்பதால் வட்ட ஓட்டை கோழிமுட்டை மாதிரி நீண்டுவிடும். எங்கள் கதவில் மேலே 0.7 மி.மீ., கீழே எதிர்ப்பக்கம் 0.5 மி.மீ., மொத்தம் 1.2. இவ்வளவுதானா என்று தோன்றும். ஆனால் 35 செ.மீ. உயரத்தில் விழுந்த இந்த ஆட்டம் ஒரு மீட்டர் தள்ளியிருக்கும் பூட்டுப் பக்கம் போகும்போது மூன்று மடங்காகப் பெருகி மூன்றரை மில்லி இறக்கமாகிவிடுகிறது. கீலில் தெரியாத தேய்மானம் பூட்டில் தெரிவது இதனால்தான்.

அதனால்தான் பூட்டுப் பக்கம் கை வைத்துச் சரிசெய்வதை நான் ஒப்புக்கொள்வதில்லை. முதலில் கொண்டுபோன இடத்தில் பூட்டுப் பக்கத் தூணிலுள்ள ஸ்ட்ரைக்கரை, அதாவது பூட்டு போய் மாட்டும் கொக்கியை, கொஞ்சம் கீழே இறக்கிக் கொடுத்துவிட்டார்கள். கதவு மூடியது. தொங்கல் அப்படியே இருந்தது, இரண்டே மாதத்தில் பழையபடி ஆகிவிட்டது. கதவுக்கடியில் கட்டை வைத்து நெம்புவது இன்னும் மோசம், தகடுதான் வளையும்.

சோதிக்க ஒரு வழி. கதவைப் பாதி திறந்து, பூட்டுப் பக்க அடிமூலையைப் பிடித்து மெல்லத் தூக்கி இறக்குங்கள், இன்னொருவர் கீலையே பார்க்கட்டும். பின் மட்டும் அசைந்தால் புஷ் போச்சு. கீல் மொத்தமும் அசைந்தால் போல்ட்டு தளர்ந்திருக்கிறது. தூணின் தகடே சேர்ந்து அசைந்தால் உள்ளே துரு, வெல்டிங் பட்டறைதான் கதி, புஷ் மாற்றிப் பயனில்லை.

அம்பாசடர், மாருதி 800 இரண்டின் உற்பத்தியும் 2014இல் நின்றுபோனது. இந்த வயது வண்டிகளுக்குப் புதுக் கீல் கிடைக்காவிட்டால் கவலை வேண்டாம், கோவையில் லேத்துக்குப் பஞ்சமில்லை. கதவுக்கடியில் ஜாக்கி, அதன்மேல் மரக்கட்டை, அதன்மேல் பழைய துணி வைத்துப் பாரத்தை ஏந்தினோம். கீல் தகட்டைச் சுற்றி ஒரு கோடு கிழித்துக்கொண்டு, அப்புறம்தான் கழற்றினோம். கோவை கணபதிப் பகுதியில் லேத் வைத்திருப்பவர் பின்னை விரலால் உருட்டிப் பார்த்துவிட்டு, "பின்னு நல்லாத்தானுங்க இருக்குது, புஷ்ஷுதான் தின்னுருச்சு. கன்மெட்டல்ல கடைஞ்சு தர்றனுங்க" என்றார். கன்மெட்டல் ஒரு வெண்கல வகை. புஷ்ஷைச் சுத்தியலால் அடிக்காமல் வைஸில் வைத்து அழுத்தி ஏற்றினார். ஏறும்போது உள்வட்டம் இம்மி சுருங்கும் என்பதால் ஓட்டையைச் சரியான அளவுக்குச் செதுக்கும் ரீமரைக் கடைசியாக விட்டார். பின்னுக்கும் புஷ்ஷுக்கும் நடுவே 0.04 மி.மீ. இடைவெளி, தலைமுடி தடிமனைவிடக் குறைவு.

மாட்டிய பிறகும் ஒரு மில்லி இறக்கம் மிச்சம் இருந்தது. மூன்று மடங்குக் கணக்கு இங்கே நமக்கு உதவியது: கீழ்க் கீலுக்கும் தூணுக்கும் நடுவே 0.3 மி.மீ. தகடு ஒன்றைச் செருகினோம், கதவின் ஓரம் ஏறக்குறைய ஒரு மில்லி மேலே வந்தது. ஸ்ட்ரைக்கரைக் கழற்றி வைத்துக் கதவை மூடிப் பார்த்தோம், சுற்றிலும் சந்து ஒரே அளவு. அப்புறம்தான் ஸ்ட்ரைக்கரைத் திரும்பப் பூட்டினோம்.

எண்ணெய் விஷயத்தில் கொஞ்சம் கவனம் வேண்டும். நம்ம செம்மண் புழுதியில் இருக்கும் குவார்ட்ஸ் துகள் சாதாரண இரும்பைவிடக் கடினம், வழியும் எண்ணெயில் ஒட்டிக்கொண்டு சாணைப் பசையாகவே வேலை செய்யும். மண்ணெண்ணெயால் கழுவி, துடைத்து, இரண்டே சொட்டு விட்டு, வெளியே வழிந்ததையும் துடைத்துவிடுங்கள்.

அமுச்சிக்குக் கூரை ஓரத்தில், பாடியோடு போல்ட் போட்டு ஒரு கைப்பிடிப் பட்டை மாட்டிக் கொடுத்திருக்கிறேன். கதவின் ஓரத்திலும் தூணிலும் நேராகப் பென்சிலால் ஒரு கோடு போட்டு வைத்தேன். ஐந்து மாதமாயிற்று, இரண்டு கோடும் இன்னும் நேராகத்தான் நிற்கின்றன.