அருவிக்குப் போக பெர்மிட் வேண்டுமா?

மலேசியாவில் எல்லா அருவிக்கும் வேண்டாம். ரவாங் பக்கத்தில் உள்ள கஞ்சிங் போன்றவை வனத்துறை பொதுமக்களுக்காக நடத்தும் இடங்கள். வாசலில் டிக்கெட் வாங்கிக்கொண்டு உள்ளே போய்விடலாம். அங்கே ஏழு அடுக்கு அருவி, ஆனால் பாதிப் பேர் கீழ் அடுக்குகளிலேயே சாப்பாட்டைப் பிரித்து உட்கார்ந்துவிடுவார்கள். குழந்தைகளோடும் பாட்டியோடும் போகிற குடும்பத்துக்கு அது தாராளம்.

சிக்கல் வருவது வாசலே இல்லாத அருவிகளில்தான். சாலையோரம் காரை நிறுத்திவிட்டு ஒற்றையடிப் பாதையில் நடந்தால், அது பெரும்பாலும் 'ஹுத்தான் சிம்பான்' என்ற வனக்காப்புப் பகுதிக்குள் போகும். தேசிய வனச் சட்டம் 1984, பிரிவு 47-இன்படி, மூடப்பட்ட வனக்காப்புப் பகுதிக்குள் நுழைய மாநில வனத்துறையின் அனுமதி வேண்டும். மீறினால் 10,000 ரிங்கிட் வரை அபராதம், 3 ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும். "குளிக்கத்தானே போனோம்" என்பதெல்லாம் எடுபடாது.

காடு மாநில அரசின் அதிகாரத்தில் இருப்பதால் சிலாங்கூர் பெர்மிட் பகாங்கில் செல்லாது. எல்லை மலைத்தொடரில் இரு மாநிலக் காட்டையும் தொடும் பாதை என்றால் இரண்டு பெர்மிட். விதிகளும் கட்டணமும்கூட ஒரே மாதிரி இருக்காது. சில பாதைகளுக்குப் பதிவு பெற்ற மலை வழிகாட்டி, அதாவது மாலிம் கூனோங், கட்டாயம்.

விண்ணப்பத்தில் போகும் இடம், தேதி, வருகிறவர்களின் பெயர், ஐசி (அடையாள அட்டை) எண் எல்லாம் கேட்பார்கள். காசைவிட முக்கியம் அந்தப் பெயர்ப் பட்டியல். யாராவது வழி தவறினால் தேடப் போகிறவர்களுக்கு உள்ளே எத்தனை பேர், யார் யார் என்பது அதை வைத்துத்தான் தெரியும்.

ஆகவே வாட்ஸ்அப் குழுவில் பணம் கட்டிப் போகிறவர்கள், "பெர்மிட்லாம் இருக்கு" என்ற பேச்சோடு விட்டுவிடாதீர்கள். கடிதத்தின் படத்தை அனுப்பச் சொல்லுங்கள். காட்டின் பெயர் சரியா, தேதி அந்த நாள்தானா, உங்கள் பெயர் ஐசியில் இருப்பதுபோல் இருக்கிறதா என்று பாருங்கள். கடைசி நேரத்தில் ஒருவர் கழன்றுகொள்ள, அவர் இடத்தில் மச்சானை ஏற்றிக்கொண்டு போவது நம் வழக்கம். அந்த மச்சானிடம் பெர்மிட் இல்லை என்பதுதான் உண்மை. கேட்டால் முகம் சுளிக்கிற ஏற்பாட்டாளரோடு போகாமலிருப்பதே நல்லது.

பெர்மிட் கையில் இருந்தாலும் மழைக்காலத்தில் பாதையை மூடலாம், மூடினால் திரும்பத்தான் வேண்டும். குவாலா குபு பாரு அருகே சுங்கை சிலிங் போன்ற இடங்களில் ஆற்றைப் பல தடவை கடந்துதான் அருவியை அடைய முடியும். நீங்கள் நிற்கும் இடத்தில் வெயில் அடிக்கும்போதே மேலே பெய்த மழை கெபாலா ஆயிராக, அதாவது திடீர் வெள்ளமாக, பாய்ந்து வரும். தண்ணீர் கலங்கி, இலையும் சுள்ளியும் மிதந்து வந்தால் உடனே கரையேறுங்கள், செருப்பை அப்புறம் தேடலாம். பிற்பகலில்தான் மழை அதிகம் என்பதால் காலையிலேயே போய்த் திரும்புவது நல்லது.

பினாங்கில் கதை வேறு. தண்ணீர்மலைக் கோயிலுக்குப் போகும் நம்மில் பலருக்கு, தாவரவியல் பூங்காவுக்குப் பின்னால் இருக்கும் அருவியையும் பார்த்துவிடலாமே என்று தோன்றும். அது குடிநீர் நிறுவனத்தின் பொறுப்பில் உள்ள நீர்ப்பிடிப்புப் பகுதி. அதன் அனுமதி இல்லாமல் போக முடியாது. பாலிக் புலாவ் பக்கம் போனால் தித்தி கெராவாங் அருவி சாலையோரத்திலேயே இருக்கிறது. வறண்ட மாதங்களில் தண்ணீர் மெலிந்துதான் விழும், ஆனாலும் பக்கத்தில் பழக்கடைகள் உண்டு.