மஞ்சள் பூத்த லென்ஸும் மணவாளக்குறிச்சி மணலும்

"அரையாண்டு விடுமுறைக்குக் குடும்பத்தோடு கன்னியாகுமரி போகிறேன். என் சோனி மிரர்லெஸ் கேமராவோடு கொண்டுபோகலாமென்று பழைய சூப்பர் டகுமர் 50 மி.மீ. எஃப் 1.4 லென்ஸ் ஒன்று வாங்கினேன். கண்ணாடி மஞ்சளடித்திருக்கிறது. அதில் கதிர்வீச்சு இருக்கிறது, தொடாதே என்கிறார் நண்பர். உண்மையா?" என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார்.

கதிர்வீச்சு இருப்பது உண்மைதான். ஆனாலும் தாராளமாகத் தொடலாம், படமும் எடுக்கலாம்.

கேமராவில் மாட்டும் சங்கதியை முதலில் முடித்துவிடுவோம். இது 42 மி.மீ. விட்டமுள்ள திருகால் கேமராவில் மாட்டும் லென்ஸ். ஃபிலிமிலிருந்து 45.46 மி.மீ. தள்ளி உட்காரும்படி செய்யப்பட்டது. சோனி மிரர்லெஸ் கேமராவில் அந்த இடைவெளி 18 மி.மீ.தான். மீதி 27 மி.மீ. சொச்சத்தை உள்ளே ஒன்றுமில்லாத ஓர் உலோக வளையம் அடைத்துவிடும். அதனால் மலிவான அடாப்டரே போதும். ஃபோகஸும், ஒளி நுழையும் துவாரமான அப்பர்ச்சரும் கையால் திருப்ப வேண்டியவை.

சரி, லென்ஸுக்குள் கதிர்வீச்சு எப்படி வந்தது? எஃப் 1.4 போன்ற அகலமான லென்ஸுக்கு ஒளியை நன்றாக வளைக்கும் கண்ணாடி வேண்டும். காரீயம் சேர்த்தால் வளைக்கும், ஆனால் நிறங்களையும் பிரித்துவிடும். பொருள்களின் ஓரத்தில் ஊதாக் கோடு விழும். தோரியம் என்ற கதிரியக்க உலோகத்தின் ஆக்சைடு கலந்த கண்ணாடியோ ஒளியை அதிகம் வளைத்தும் நிறங்களை அவ்வளவாகப் பிரிப்பதில்லை. இரண்டாம் உலகப் போரில் விமானத்திலிருந்து வேவு பார்த்த கோடக் ஏரோ எக்டார் லென்ஸில் தோரியம் இருந்தது. 1960களில் அசாஹி நிறுவனம் செய்த ஏழு கண்ணாடி டகுமரிலும் இருந்தது.

தோரியம் நமக்குப் புதிதும் அல்ல. 1909இல் திருவிதாங்கூரிலிருந்து ஏற்றுமதியான கயிற்றில் ஒட்டியிருந்த மணலைப் பார்த்துத்தான் சோம்பர்க் என்ற ஜெர்மானியர் குமரிக் கடற்கரையில் இருக்கும் மணவாளக்குறிச்சியின் மோனசைட் என்ற தாதுவைக் கண்டுபிடித்தார். அவருக்கு வேண்டியிருந்தது அதிலிருந்த தோரியம். அந்தக் கால காஸ் விளக்கு மேண்டில்கள் அதில்தான் ஒளிர்ந்தன. நம் ஊர்த் திருவிழாக்களில் தலைச்சுமையாக வந்த பெட்ரோமாக்ஸின் மேண்டிலும் அதே வகைதான். அம்மன் கல்யாணம் நின்றுபோனதால் சமைக்காத அரிசியெல்லாம் மணலாகிவிட்டது என்று குமரியில் கதை சொல்வார்கள். கதை அழகுதான். இல்மனைட், கார்னெட், மோனசைட் என்று மலைப்பாறைகள் கரைந்து கடலுக்கு வந்த கதை எனக்கு இன்னும் அழகாகப் படுகிறது.

இப்போது அந்த மஞ்சளுக்கு வருவோம். எனக்குப் பிடித்த இடம் இதுதான்.

தோரியம்-232இன் அரை ஆயுள், அதாவது பாதி அணுக்கள் சிதைய ஆகும் காலம், சுமார் 1,400 கோடி ஆண்டுகள். அவ்வளவு நிதானமாகச் சிதைந்தாலும், சிதையும் ஒவ்வோர் அணுவும் ஓர் ஆல்ஃபா துகளைக் கண்ணாடிக்குள்ளேயே வீசுகிறது. அந்தத் துகள் தலைமுடியின் தடிமன்கூடப் போகாமல் நின்றுவிடும். அதற்குள் வழியில் இருக்கும் அணுக்களிலிருந்து எலக்ட்ரான்களைக் கொத்துக்கொத்தாகப் பிடுங்கிப் போட்டுவிடுகிறது. பெரும்பாலானவை உடனே வீடு திரும்பும். சில மட்டும் கண்ணாடியின் ஒழுங்கற்ற அணு அமைப்பிலுள்ள குறைகளில் மாட்டிக்கொள்கின்றன, குழியில் விழுந்த கோலிக்குண்டு மாதிரி. தானாக வெளியே வரத் தெம்பு கிடையாது. இப்படி மாட்டிய எலக்ட்ரான்களும் அவை விட்டுவந்த காலியிடங்களும் ஊதா, நீல ஒளியை விழுங்கும். இவற்றுக்கு நிற மையங்கள் என்று பெயர். நீலம் குறைந்தால் மிச்சம் மஞ்சள். ஆண்டுக்கணக்கில் இவை சேர்ந்துகொண்டே போக, கண்ணாடி பழுப்பை நெருங்குகிறது.

இதற்கு மருந்து வெயில். புற ஊதாக் கதிரின் ஒரு ஃபோட்டானில் மாட்டிக்கொண்ட எலக்ட்ரானைக் கிளப்பிவிடப் போதுமான ஆற்றல் இருக்கிறது. கிளம்பிய எலக்ட்ரான் காலியிடத்தில் போய்ச் சேர்ந்ததும் நிற மையம் மறைந்துவிடும். கண்ணாடியை யாரும் தேய்க்கவில்லை, எதுவும் பூசவில்லை. அணுக்கரு இயற்பியலும் மொட்டை மாடி வெயிலும் சந்திக்கிற இடம் வேறெங்காவது உண்டா, தெரியாது!

தோரியம் பெரும்பாலும் பின்பக்கக் கண்ணாடியில் இருப்பதால் அந்தப் பக்கம் சூரியனைப் பார்க்கட்டும். அடியில் அலுமினியத் தாள் விரித்தால், ஊடுருவிய ஒளி திரும்பி இன்னொரு தடவை போகும். பக்கத்தில் துணி, காகிதம் வேண்டாம். லென்ஸ் வெயிலைக் குவித்துத் தீ வைத்துவிடும். ரொம்பச் சூடேறினால் உள்ளிருக்கும் கிரீஸ் இளகி அப்பர்ச்சர் இதழ்களில் பரவும். புற ஊதா எல்இடி விளக்கு இன்னும் பத்திரம். தோரியம் அங்கேயே இருப்பதால் பல ஆண்டுகள் கழித்து மஞ்சள் திரும்ப வரும். கறுப்பு வெள்ளை ஃபிலிம் போடுகிறவர்கள் அதை அப்படியே விட்டுவிடலாம். வானத்தைக் கருமையாக்கி மேகத்தை எடுத்துக்காட்டும் மஞ்சள் ஃபில்டர் இலவசமாகக் கிடைத்த மாதிரி.

நண்பரின் பயம்? தோரியம் லென்ஸோடு ஆண்டுக்கு 30 நாள், தினம் 6 மணி நேரம் சுற்றும் புகைப்படக்காரருக்குக் கிடைக்கும் கதிர்வீச்சு சுமார் 0.02 மில்லிசீவர்ட் என்று அமெரிக்க அணுசக்தி ஒழுங்குமுறை ஆணையம் கணக்கிட்டது. மண்ணிலிருந்தும் வானத்திலிருந்தும் நாம் எல்லோரும் சராசரியாக வாங்கிக்கொள்வது ஆண்டுக்கு 2.4. கேரளத்தின் கருநாகப்பள்ளியில் மோனசைட் மணல்மேலேயே வாழும் மக்களைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்த ஆய்வு 2009இல் வெளியானது. இயற்கைக் கதிர்வீச்சால் அங்கே புற்றுநோய் கூடியதாகச் சான்று கிடைக்கவில்லை. வாட்ஸ்அப் பீதியை அடக்க இப்படிப்பட்ட சலிப்பூட்டும் வீடுவீடான கணக்கெடுப்புதான் வேண்டும். அதற்கு இருபது வருடம் தொடர்ந்து பணம் கொடுக்கத்தான் ஆளில்லை. ராக்கெட் மாதிரி படம் காட்ட முடியாதே.

செய்யக்கூடாதது ஒன்றுண்டு. அந்தக் கண்ணாடியை உடைக்கவோ அரைத்துப் பாலிஷ் போடவோ வேண்டாம். ஆல்ஃபா துகள் தோலைத் தாண்டாது. ஆனால் தூசியாக நுரையீரலுக்குள் போனால் கதை வேறு.

கிளம்புவதற்குச் சில வாரம் முன்பே லென்ஸை வெயிலில் வைக்கத் தொடங்குங்கள். கடற்கரையில் குழந்தைகள் ஓடும்போது ஃபோகஸோடு மல்லுக்கட்ட வேண்டாம். அப்பர்ச்சரை எஃப் 11இல் வைத்து, தூரத்தை ஏழரை மீட்டரில் நிறுத்திவிட்டால், நாலு மீட்டரிலிருந்து தொடுவானம் வரை எல்லாம் தெளிவாக விழும்.