"அவையின்ர எண்ணிக்கை கூட, அவ்வளவுதானே சேர்?"

யாழ்ப்பாணத்தில் இருபது வருடமாக உயர்தர மாணவர்களுக்கு அரசறிவியல் படிப்பிக்கிறேன். போன கிழமை வகுப்பு முடிந்து சைக்கிளை எடுக்கப் போன ஒரு மாணவன், திரும்பி வந்து போனைக் காட்டினான். ஒரு நிமிட வீடியோ. தேர்தலும் பாராளுமன்றமும் நீதிமன்றமும் வீண் வேலை, பலமான ஒரு தலைவன் போதும் என்று ஒருவர் முழங்குகிறார். "இதில என்ன பிழை? ஜனநாயகம் எண்டா அவையின்ர எண்ணிக்கை கூட, அவ்வளவுதானே சேர்?"

'அவை' என்று அவன் சொன்னது சிங்களப் பெரும்பான்மையை. அவனை அதட்ட மனம் வரவில்லை, அவன் கோபத்தில் பாதி உண்மை இருந்தது. கோடீஸ்வரன் வழக்கைச் சொன்னேன். சிங்களத்தை மட்டும் ஆட்சிமொழியாக்கிய 1956 தனிச் சிங்களச் சட்டத்துக்குப் பிறகு, சிங்களத் தேர்ச்சி காட்டவில்லை என்று சம்பள உயர்வு மறுக்கப்பட்ட தமிழ் எழுதுவினைஞர் அவர். மாவட்ட நீதிமன்றத்தில் வென்றார், உயர் நீதிமன்றத்தில் தோற்றார். 1969இல், அன்று இலங்கைக்கு இறுதி மேன்முறையீட்டு மன்றமாக இருந்த லண்டன் பிரிவி கவுன்சில், அவருக்கு வழக்குத் தொடர உரிமை உண்டு, மொழிச்சட்டம் அரசியலமைப்புக்கு முரணா என்பதை இங்கேயே தீர்மானியுங்கள் என்று திருப்பி அனுப்பியது. 1971இல் பிரிவி கவுன்சிலுக்கு மேன்முறையீடு செய்யும் வழியே மூடப்பட்டது. பழைய அரசியலமைப்பில் சிறுபான்மையினருக்குக் காப்பாக இருந்த 29ஆம் பிரிவு 1972 அரசியலமைப்பில் இல்லை. அந்தக் கேள்விக்கு இன்றுவரை தீர்ப்பில்லை.

பெரும்பான்மையை அடக்கப் போட்ட வேலியைப் பெரும்பான்மையே பிடுங்கிய கதை இது. சரி, வேலிக்கு நட்ட கதியால் தடி உக்கினால் புதுக் கதியால் நடுவோம். அந்த வீடியோ வேலியே வேண்டாம் என்கிறது.

நண்பன் யார், எதிரி யார் என்று பிரிப்பதே அரசியல் என்றார் ஜெர்மானியச் சட்ட அறிஞர் கார்ல் ஷ்மிட். 1933இல் நாஜிக் கட்சியில் சேர்ந்தார். அந்தப் பிரிப்பு வெளி எதிரியோடு நிற்பதில்லை, கேள்வி கேட்கும் நம்மவரையும் எதிரியாக்கும். நம் ஊரில் அதற்குத் 'துரோகி' என்று ஒரு சொல் இருந்தது. எல்லாத் தரப்பு ஆயுதங்களையும் விமர்சித்த மருத்துவபீட விரிவுரையாளர் ராஜினி திராணகம, 1989 செப்டெம்பர் 21 அன்று சைக்கிளில் வீடு திரும்பும்போது சுடப்பட்டார்.

தீவிரமாகச் சிந்திக்கும் பிள்ளையைக் கண்டு பயப்படாதீர்கள். 1920களில் சாதி வேற்றுமைக்கு எதிராக நின்று முழுச் சுயராஜ்யம் கேட்ட யாழ்ப்பாண இளைஞர் காங்கிரசும் தீவிரம்தான். அவர்களுடைய 1931 தேர்தல் பகிஷ்கரிப்பு பிழை என்றே நினைக்கிறேன், ஆனாலும் அவர்கள் கேட்டது கூடுதல் உரிமை. பெற்றோரே, போனைப் பறிக்க வேண்டாம். பக்கத்தில் இருந்து முழுதாகப் பாருங்கள், பிறகு நான் அவனிடம் கேட்டதைக் கேளுங்கள்: "தம்பி, அந்தத் தலைவன் செய்தது பிழை எண்டு நாளைக்கு நீர் சொன்னால், உமக்கு என்ன நடக்கும்?"

வீடியோவை இன்னொரு தரம் போட்டுப் பார்த்தான். "அதைப் பற்றி ஒண்டும் சொல்லேல்லை, சேர்."