கணிமெய் அமைப்பு: ‘இணைய இயற்பியல்’ வேண்டாம்

கணிப்பொறிக் கணிப்பும் அது இயக்கும் பொருளும் ஒன்றாய்ப் பிணைந்து செயல்படும் அமைப்பை ஆங்கிலத்தில் ‘சைபர் பிசிக்கல் சிஸ்டம்’ என்பார்கள். கோவைப் பக்கத்துப் பொறியியல் கருத்தரங்க மலர்களில் அதை ‘இணைய இயற்பியல் அமைப்பு’ என்று அச்சிடுகிறார்கள். இரண்டு சொற்களுமே பிழை.

சைபர் என்பதன் வேர், சுக்கான் பிடிப்பவனைக் குறிக்கும் கிரேக்கச் சொல். கணிதவியலாளர் நோர்பர்ட் வீனர் 1948இல் தம் கட்டுப்பாட்டியல் நூலுக்கு அதிலிருந்தே ‘சைபர்நெட்டிக்ஸ்’ என்று பெயர் வைத்தார். ‘சைபர் பிசிக்கல் சிஸ்டம்’ என்ற முழுத் தொடர் 2006 வாக்கில் அமெரிக்காவின் தேசிய அறிவியல் அறக்கட்டளையைச் சேர்ந்த ஹெலன் கில் வழங்கியது. இதில் இணையம் எங்கே வந்தது?

வானூர்திகளைப் பாருங்கள். மோதல் தவிர்ப்புக் கருவியான டிகாஸ் 1030 மெகாஹெர்ட்சில் வினவுகிறது. எதிரே வரும் வானூர்தி 1090இல் பதில் சொல்கிறது. ஒன்று ஏற வேண்டும், மற்றது இறங்க வேண்டும் என்று இரு கருவிகளும் தமக்குள் ஒத்துப்பேசி விமானிகளுக்குச் சொல்கின்றன. எல்லாம் வானொலி அலையில்தான். 2002 ஜூலை 1 இரவு, ஜெர்மனியின் யூபர்லிங்கன் வானில் ஒரு விமானம் கருவி சொன்னபடி இறங்கியது. மற்றதன் கருவி ஏறச் சொல்லியும், அதன் விமானிகள் தரைக் கட்டுப்பாட்டாளரின் சொல்லைக் கேட்டு இறங்கினார்கள். இரண்டும் மோதி 71 பேர் இறந்தார்கள். கணிப்பும் கனத்த உடலும் ஒரே கட்டாக இயங்க வேண்டும் என்பதே இத்துறையின் உயிர்நாடி. அதை ‘இணையம்’ என்ற சொல் மறைத்துவிடுகிறது. அன்னூர்த் தோட்டத்துக் கிணற்றில் போன் அழைப்பால் மோட்டார் போடும் ஸ்டார்ட்டர் இருக்கிறதே, தண்ணீர் வற்றினால் தானே நிறுத்துமே, அதுவும் இந்த இனம்தான். அதற்கும் இணையம் தேவையில்லை.

‘இயற்பியல்’ இன்னும் மோசம். ‘இயல்’ என்று முடிவது படிக்கும் துறையின் பெயர். தொட்டறியும் பொருளின் பெயரன்று. ‘பிசிக்கல் எஜுகேஷன்’ என்பதை உடற்கல்வி என்று அழகாகச் சொன்னவர்கள் நாம். அந்தத் தெளிவு இங்கே எங்கே போயிற்று? சைபர் என்றே விட்டுவிடலாம் என்பாரும் உண்டு. நம் ஊர்ப் பெரியவர்களுக்குச் சைபர் என்றால் சுழியம், அதுவும் ஒத்துவராது.

நான் முன்வைப்பது ‘கணிமெய் அமைப்பு’. கணி என்பது கணிப்பு, மெய் என்பது உடல். மெய் என்றால் உண்மையல்லவா என்று கேட்கிறார்கள். மெய், வாய், கண், மூக்கு, செவி என்று ஐம்பொறிகளை எண்ணும்போது மெய் உடல்தானே? உடலற்றதை ‘மெய்நிகர்’ என்று ஏற்றுக்கொண்டவர்கள் உடலுள்ளதை மெய் என்பதில் என்ன தடை? ஆகவே மேலே சொன்ன டிகாஸ் போல வானூர்திகளுக்கிடையிலான தொடர்பு வலையமைப்பு ஒரு கணிமெய் அமைப்பு.

கருவி என்ன செய்கிறது என்று கேட்டறியாமல் அகராதியின் முதல் பொருளை எடுத்து ஒட்டுவதே இன்றைய மொழிபெயர்ப்பாகிவிட்டது. இப்படி எழுதிய பாடத்தைத் தமிழ்வழி மாணவன் படித்துவிட்டு, ஆங்கில நூலைத் திறந்தால்தான் பொருள் புரிகிறது என்கிறான். பழி தமிழின்மேல் விழுகிறது.