ஷோரன்னர்: நடத்துநரா, ஆசிரியரா?

மும்பை அந்தேரியில் ஒரு டப்பிங் கூடம். இந்தித் தொடர் ஒன்றுக்குத் தமிழ் வசனம் எழுதியிருந்தேன். அதில் ஒரு பெண் தன்னை 'ஷோரன்னர்' என்று அறிமுகப்படுத்திக்கொள்வாள். நான் சுத்தத் தமிழில், 'இந்தத் தொடரின் நடத்துநர் நான்தான்' என்று போட்டுவைத்தேன். குரல் கொடுக்க மாட்டுங்காவிலிருந்து வந்திருந்த அம்மா, காதில் இருந்ததைக் கழற்றிவிட்டுக் கேட்டார்: "ஏன் தம்பி, வசனம் பேசினால் போதுமா, டிக்கெட்டும் கொடுக்க வேண்டுமா?"

'ஷோரன்னர்' என்றே பேசிவிட்டு அவர் ரயிலைப் பிடிக்கப் போய்விட்டார். சொல் மட்டும் என்னோடு வீடு வரை வந்தது.

மொழிபெயர்ப்பில் பிழை இல்லை. கடை நடத்துகிறோம், பத்திரிகை நடத்துகிறோம். 'ரன்' என்பதற்கு 'நடத்து' பொருந்தவே செய்கிறது. ஆனால் 'நடத்துநர்' என்ற இருக்கையில் பஸ் கண்டக்டர் எப்போதோ உட்கார்ந்துவிட்டார். ஆங்கிலத்திலும் 'ரன்னர்' ஒழுங்கான சொல் அல்ல. பிரிட்டிஷ் படப்பிடிப்புகளில் தேநீர் வாங்கிவர ஓடும் கடைநிலை உதவியாளருக்கு அதுதான் பெயர். மும்பையில் அந்த வேலைக்காரர் 'ஸ்பாட் தாதா'.

ஷோரன்னர் யார்? அமெரிக்கத் தொலைக்காட்சியில் பெரும்பாலும் தலைமை எழுத்தாளர். எழுத்தாளர்கள் கூடிப் பேசும் அறையில் கதையின் போக்கை முடிவு செய்வார். யார் எழுதிய அத்தியாயமாக இருந்தாலும் கடைசியாகத் திருத்துவார். நடிகர் தேர்விலும் படத்தொகுப்பிலும் அவர் சொல்தான் நிற்கும். இயக்குநர்கள் அத்தியாயத்துக்கு அத்தியாயம் மாறுவார்கள், இவர் மாற மாட்டார். வேடிக்கை என்னவென்றால், திரையில் அவர் பெயருக்கு முன்னால் வழக்கமாக வருவது 'எக்ஸிகியூட்டிவ் புரொடியூசர்' என்பதுதான்.

நம் நாட்டில் வேலை முந்தியது, பெயர் பிந்தியது. 1984இல் தூர்தர்ஷனில் வந்த 'ஹம் லோக்' தொடரை எழுதியவர் மனோகர் ஷியாம் ஜோஷி, இயக்கியவர் பி. குமார் வாசுதேவ். அன்று யாரையும் ஷோரன்னர் என்று அழைக்கவில்லை. இணையத் தொடர்கள் வந்த பிறகே சொல் பரவியது. 2018இல் வந்த 'சேக்ரட் கேம்ஸ்' தொடருக்கு ஷோரன்னர் விக்ரமாதித்ய மோட்வானே, அவர் இயக்குநரும்கூட. அங்கே எழுத்தாளர் ஏறும் நாற்காலியில் இங்கே இயக்குநரும் ஏறிவிடுகிறார்.

தமிழுக்கு வருவோம். 'நிர்வாகத் தயாரிப்பாளர்' என்கிறார்கள் சிலர். அதைச் சற்றுத் திருப்பிப் போட்டால் 'தயாரிப்பு நிர்வாகி'. அவர் சாப்பாட்டுக் கணக்கும் வண்டி வாடகையும் பார்ப்பவர். போதாக்குறைக்கு, 'தயார்' என்பதே அரபியில் பிறந்து பாரசீகம் வழியாக வந்த சொல். மராத்திக்காரர் 'தயார்' என்றால் நமக்கு உடனே புரிவது அதனால்தான். 'நெறியாளர்' நல்ல சொல். ஆனால் இலங்கையில் நாடகத்தை இயக்குவது 'நெறியாள்கை'. தமிழ்நாட்டிலோ நெறியாளர் என்றால் தொலைக்காட்சி விவாதத்தில் சண்டையை விலக்கிவிடுபவர்.

எனக்குப் பிடித்த சொல் 'ஆசிரியர்'. பள்ளிக்கூட வாத்தியாரைச் சொல்லவில்லை. சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதை, மாதவியின் அரங்கேற்றத்துக்குப் பின்னால் இருந்தவர்களை வரிசையாகக் காட்டுகிறது: ஆடலாசிரியன், இசையாசிரியன், பாட்டு எழுதும் புலவன், தண்ணுமை ஆசிரியன், குழலோன், யாழாசிரியன். திரையில் ஓடும் பெயர்ப் பட்டியலேதான். இன்றும் பத்திரிகை ஆசிரியர் எல்லாப் பக்கங்களையும் தானே எழுதுவதில்லை. ஆனாலும் ஒவ்வொரு வரிக்கும் பொறுப்பு அவருடையது. ஷோரன்னரின் வேலை அச்சாக இதுவே. ஆகவே 'தொடராசிரியர்'. வார இதழில் தொடர்கதை எழுதுபவரோ என்ற குழப்பம் வரலாம். டிக்கெட் குழப்பத்தைவிட அது தேவலை.

ஒரு சிக்கல் மிச்சம் இருக்கிறது. 'ஷோரன்னர்' மூன்று வாயசைப்பில் முடிகிறது, 'தொடராசிரியர்' ஆறு. அடுத்த பாகத்தின் வசனத்தில் அதைத்தான் எழுதி அனுப்பியிருக்கிறேன். மாட்டுங்கா அம்மா கொஞ்சம் வேகமாகப் பேச வேண்டியிருக்கும்.