விரிவாக்கம் வேறு, படர்வு வேறு

‘நகர்ப்புற விரிவாக்கத்தைக் கட்டுப்படுத்தாததால் தெரு இணைப்பு குறைகிறது.’ திருத்தித் தரும்படி என்னிடம் வந்த மொழிபெயர்ப்பில் முதல் பக்கத்திலேயே இப்படி ஒரு வரி. மூலத்தில் இருந்தது ‘அர்பன் ஸ்ப்ரால்’, அதாவது நகரம் திட்டமில்லாமல் கண்டபடி வெளியே வளர்ந்துகொண்டே போவது. ஸ்ப்ரால் என்றால் கைகாலைப் பரப்பிக்கொண்டு கிடப்பது. பழைய ஆங்கிலத்தில் கைகாலை உதறுவது. பிறப்பு இவ்வளவுதான்.

இதற்கு விரிவாக்கம் எப்படிப் பொருந்தும்? விரிதல் தானாக நடப்பது. ‘ஆக்கம்’ ஒட்டினால் ஒருவர் முனைந்து செய்வதாகிவிடுகிறது. சாலை விரிவாக்கம், விமான நிலைய விரிவாக்கம் எல்லாவற்றுக்கும் கோப்பு உண்டு, கையெழுத்து உண்டு. 2011-இல் மதுரை மாநகராட்சியின் 72 வார்டுகள் 100 ஆயின. பரப்பு சுமார் 52 சதுர கிலோமீட்டரிலிருந்து 148-ஐ நெருங்கியது. அது விரிவாக்கம். ஒருவர் வயலில் கல் நட்டு மனை விற்க, பக்கத்து வயல்காரரும் கல் நடுவது விரிவாக்கமா? இரண்டுக்கும் ஒரே சொல்லைப் போட்டால் ‘விரிவாக்கத்துக்கு முன்பே விரிவாக்கம் நடந்துவிட்டது’ என்று எழுத நேரும். நான்காம் பக்கத்தில் அப்படியே எழுதியும் இருந்தது.

சிலர் ‘நகரப் பரவல்’ என்கிறார்கள். அதிகாரப் பரவல் நல்லது, நோய்ப் பரவல் கெட்டது. நகரப் பரவல் எந்தக் கட்சி?

நான் ‘நகர்ப் படர்வு’ என்பேன். கொம்பு நடாத கொடி கண்ட இடத்தில் படரும். படர்தாமரை நடுவில் தெளிந்து விளிம்பில் வளையமாக ஏறும், புறநகரும் அப்படித்தான். ‘படர் என்றால் துன்பம் அல்லவா, குறளில் படர்மெலிந்திரங்கல் என்று ஓர் அதிகாரமே இருக்கிறதே’ என்றார் நண்பர். இருக்கட்டும், அங்கே குடியிருப்பவர்களுக்கு அதுவும் பொருந்தும்.

‘தெரு இணைப்பு’ இன்னொரு கூத்து. குடிநீர் இணைப்பு, கழிவுநீர் இணைப்பு வரிசையில் கட்டணம் கட்டி வாங்குவதுபோல் தொனிக்கிறது. தெருவுக்குத் தெரு வழி இருக்கிறதா என்பதுதானே கேள்வி? மதுரை மாசி வீதியில் தேர் வந்து மறித்தால் ஏதாவது ஒரு சந்தில் புகுந்து வெளி வீதிக்குப் போய்விடலாம். என் தங்கையின் மனைப்பிரிவில் அது நடக்காது. அவள் வீட்டு மொட்டைமாடியில் நின்றால் அடுத்த மனைப்பிரிவின் மளிகைக்கடைப் பலகையைப் படிக்கலாம்; நடுவில் ஒரு சுற்றுச்சுவர். பால் பாக்கெட் வாங்க மெயின் ரோட்டுக்குப் போய்ச் சுற்றி வர வேண்டும்.

அப்படிச் சுவரில் முட்டி நிற்கும் தெரு மூலத்தில் ‘டெட் எண்ட்’; மொழிபெயர்ப்பாளர் வைத்த பெயர் ‘இறந்த முனைத் தெரு’. அடித்துவிட்டு, ஓரத்தில் ‘முட்டுச்சந்து’ என்று எழுதித் திருப்பி அனுப்பினேன்.